மாப்பிள்ளைக் கார்

ஆடிக் காற்று எழும்பினால் தேரிமேட்டு மணல் எழும்பும், மணல் எழும்பினால் செம்மணல்விளைக்கு வருகிற ரோடு காணாமல் போகும், ரோடு காணாமல் போனால் பஸ் கைகாட்டி முக்கிலேயே திரும்பிவிடும், அதற்குப் பிறகு பிள்ளை பெறப்போகிறவளும் பனையிலிருந்து விழுந்தவனும் பாம்பு தீண்டினவனும் ஊரில் இருக்கிற ஒரே ஒரு காரைத்தான் நம்ப வேண்டும் என்பதும், அந்தக் கார் யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும் தன் இஷ்டத்துக்குத்தான் கிளம்பும் என்பதும் அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. ஒரு காலத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போன வண்டி என்பதால் அதற்கு மாப்பிள்ளைக் கார் என்று பெயர். ஊர்வலம் நின்றுபோய் வெகுகாலம் ஆன பிறகும் பெயர் நின்றதற்குக் காரணம் அதன் முறுக்கு. எவ்வளவு சீர் செய்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிற புது மாப்பிள்ளை மாதிரி அது நின்ற இடத்தில் நின்றுகொண்டிருக்கும்.

சொல்லப்போனால் அந்தக் கார் பூங்கனியின் பனைவிளை. அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த பனந்தோப்பை விற்றுத்தான் அவள் புருஷன் பலவேசம் அதை வாங்கினான். விற்கப்போகிறேன் என்று அவன் சொல்லவில்லை, விற்றுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வாசலில் கறுப்பாக, உருண்டை முதுகோடு, புகையைக் கக்கிக்கொண்டு ஒன்று வந்து நின்றது, அதிலிருந்து அவன் இறங்கி, "ஏட்டி, உன் விளை வந்திருக்கு, வந்து பாரு" என்றான். அவள் வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நின்றுபோனது.

கார்புரேட்டரைத் துடைத்தால் டைனமோ போகும், டைனமோவைக் கட்டி வந்தால் கிளட்ச் தேயும், கிளட்சை மாற்றினால் ரேடியேட்டர் ஒழுகும், ஒழுகுகிற ரேடியேட்டரில் மஞ்சள் பொடியைக் கொட்டி அடைத்தால் அடுத்த வளைவில் ஃபேன் பெல்ட் அறுந்து தொங்கும், பெல்ட்டுக்குப் பதிலாகப் பூங்கனியின் பழஞ்சேலையைக் கிழித்து முறுக்கிக் கட்டினால் சேலை மட்டும் உழைக்கும், மற்றதெல்லாம் நின்றுபோகும். டவுனிலிருந்து சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு மெக்கானிக் அல்போன்ஸ் வருவார். எல்லாவற்றையும் கழற்றிச் சாக்கில் பரப்புவார், திரும்ப மாட்டுவார், மாட்டி முடித்த பிறகு அவர் கையில் எப்போதும் ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். "பத்திரமா வைம்மா, என்னைக்காவது கேக்கும்" என்று அதைப் பூங்கனியிடம் கொடுத்துவிட்டுப் போவார். அவள் அடுக்களையில் மல்லிப்பொடிக்கும் சீரகத்துக்கும் நடுவே ஒரு டப்பா நிறைய நட்டும் வாஷரும் ஸ்பிரிங்கும் கிடந்தன. அதைத் திறக்கும்போதெல்லாம் தன் விளையில் மிஞ்சினது இவ்வளவுதான் என்று அவளுக்கு வயிறு எரியும்.

கார் ஓடாத நாளில் பலவேசத்தின் கை ஓடும். அது அடுக்களைக்குள் நடப்பது, கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது, அதனால் ஊருக்கு அது தெரியாது. அதாவது தெரியும், ஆனால் தெரியாது.

தவசிமுத்து மனைவிக்குத் தலைப்பிரசவ வலி கண்ட அன்றைக்கு ஊரே காரைச் சுற்றி நின்றது. பின்சீட்டில் அவள் கிடந்து அலற, ஆண்கள் வண்டியை முன்னுக்குத் தள்ளினார்கள், பின்னுக்குத் தள்ளினார்கள், பலவேசம் ஹேண்டில் கம்பியைக் காரின் முன்வாயில் செருகித் தோள் கழன்று போகும்மட்டும் சுற்றினான், டயரை உதைத்தான், காரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினான், கடைசியில் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பானெட்டில் சாய்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துப் பூங்கனி ரேடியேட்டருக்குத் தண்ணீர்க் குடத்தோடு வந்து, "ஏங்க, பெட்ரோலு கிடக்கான்னு பாத்தியளா?" என்று கேட்டுவிட்டாள். கூட்டத்தில் எவனோ சிரித்தான். பலவேசம் நிமிர்ந்து, அத்தனை பேர் முன்னாலும், அவள் இடது கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். குடம் உருண்டது. கார் கிளம்பியது.

சாவி அவன் பையில் இருந்தது, டிரைவர் சீட்டில் ஆள் இல்லை, பானெட் பாதி திறந்து கிடந்தது, ஆனாலும் என்ஜின் புதுக் கார் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இதில் வாயைப் பிளக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. "கிளம்பிட்டு, கிளம்பிட்டு, நின்னுறாம ஏறுங்கலே" என்று கத்தினார்கள், ஏறினார்கள், போனார்கள். பூங்கனி ஈர மணலில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கார் தேரிக்குள் மறைவதைப் பார்த்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று சேதி வந்தபோது அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் பிற்பாடு பல தடவை நினைத்து நினைத்து நொந்துகொண்டாள்.

அல்போன்ஸ் வந்தார். சத்தத்துக்குக் கிளம்புகிறதோ என்று சந்தேகப்பட்டார். ஊர் கூடிக் கை தட்டினார்கள், வேட்டுப் போட்டார்கள், காரின் கதவிலேயே அறைந்து பார்த்தார்கள், ஒரு ஆட்டுக்கிடாயைப் பிடித்து நிறுத்தி அதன் கன்னத்தில் அறைந்தார்கள். கிடா ஒரு செருமல் செருமிவிட்டுப் போயிற்று. கூத்தில் அடிப்பதுபோலப் பொய்யாக அடித்துக் காட்டினார்கள். கார் ஒருதரம் கனைத்து அடங்கிவிட்டது, தன்னை ஏய்க்கிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மனுஷக் கன்னமாக இருக்க வேண்டும், வலிக்க வேண்டும், பார்க்க ஒரு ஆளாவது வேண்டும். இவ்வளவு இருந்தால் போதும், பேட்டரிகூட வேண்டாம். அல்போன்ஸ் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டு, "அப்ப இதுக்கு நான் வேண்டாம், அதுக்கு நீங்களே போதும்" என்று சொல்லிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அப்புறம் அவர் செம்மணல்விளைப் பக்கம் வரவேயில்லை.

ஊர்த் தலைவர் லிங்கதுரை அம்மன் கோயில் பந்தலில் கூட்டம் போட்டார். அவர் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவரில்லை. மீசையை ஒதுக்கி, வெற்றிலையைத் துப்பி, எல்லார் பேச்சையும் கேட்டு, கடைசியில் தான் வரும்போதே நினைத்துக்கொண்டு வந்ததைச் சொல்வார். கோயில் கொடைக்கு வீட்டுக்கு ஒரு நாள் என்று விளக்குக்கு எண்ணெய் விடுகிற முறை இருக்கிறதல்லவா, அதே வரிசையில் காருக்கும் முறை வைத்துக்கொள்ளலாம், எந்த வீட்டு முறையோ அந்த வீட்டிலிருந்து ஒரு கன்னம் வர வேண்டும் என்றார். "ஆம்பிளைக் கன்னமா பொம்பிளைக் கன்னமா அண்ணாச்சி?" என்று தவசிமுத்து கேட்டான். பிள்ளை பெற்ற மகிழ்ச்சியில் அவனுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்திருந்தது.

"ஆம்பிளைய அடிச்சா அவனுக்கு ரோசம் வரும்" என்றார் லிங்கதுரை. "ரோசம் வந்தா வெட்டுக்குத்து வரும். வெட்டுக்குத்து வந்தா அவனத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும். அதுக்குக் காரு வேணும். காரு கிளம்பணும்னா மறுபடியும் எவனையாவது அடிக்கணும். இது எங்க போயி முடியும்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். பொறுமையாக யோசித்துச் சொல்கிறவர் என்று அவரை மெச்சினார்கள்.

எதையும் சடங்காக்கிவிட்டால் பாதி வலி குறைந்த மாதிரி ஊருக்கு ஒரு நினைப்பு. முறைக்காரி குளித்துவிட்டு வர வேண்டும், கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் ஒருத்திக்கு மூக்கு கிழிந்து ரத்தம் ஜாக்கெட்டெல்லாம் கொட்டியிருந்தது. கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, காரின் இடது விளக்குக்கு நேராக நின்று, கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடிப்பது காருக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் பலவேசம். அடி முடிந்ததும் கருப்பட்டிக் காப்பி. முறைக்காரி காரிலும் ஏறிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மாப்பிள்ளை வழியில் ஒத்தைப்பனையில் ஒருதரமும் ஓடை மதகில் ஒருதரமும் கட்டாயம் நிற்பார், அங்கேயும் அவருக்குக் கன்னம் வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் நிறம், உயரத்தோடு கன்னத்தையும் பார்த்தார்கள். "செம்மணல்விளைக்குக் குடுக்கியளா, பிள்ளை தாங்குமா?" என்று அசலூரில் கேட்டார்கள். தாங்கும் என்று தகப்பன்மார் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா இருந்தார்கள். செம்மணல்விளைக் கார் வந்தால் நோயாளி ஒருவரும், கூடவே கன்னம் வீங்கின ஒருத்தியும் இறங்குவதை அவர்கள் கவனித்திருந்தார்கள். "என்னம்மா முகத்துல?" என்று கேட்டால், "கார்க் கதவு இடிச்சிட்டும்மா" என்று பதில் வரும். யார் வந்தாலும் அதே பதில்தான். "உங்க ஊரு கார்க் கதவு ரொம்பப் பொல்லாதது போலிருக்கே" என்று சொல்லி மருந்து தடவிவிடுவார்கள். அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

கொஞ்ச காலத்தில் வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்குத் தங்கள் முறை வருகிற அன்றைக்குத் தலைவலி வந்தது, ஊரில் விசேஷம் வந்தது, தூரம் வந்தது. அந்த வீடுகளிலிருந்து முட்டையும் முருங்கைக்காயும் கருவாட்டுப் பொதியும் பலவேசம் வீட்டுக்கு வந்தன, "நம்ம முறையப் பூங்கனி பாத்துக்கிடட்டும்" என்ற சொல்லோடு. அவனும் வாங்கி வைத்துக்கொண்டான். அப்புறம் வசதியில்லாத வீடுகளும் ஒரு கை கீரையைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டன. நாலைந்து ஆடி கழிவதற்குள் ஊர் முறை மொத்தமும் பூங்கனியின் இடது கன்னத்தில் வந்து இறங்கிவிட்டது. அவளுக்கு அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் ஆடி விழுந்தன, காது அடைத்து முதலில் இரைந்தது, பிறகு இரைச்சலும் நின்றுபோனது. கார் நிறுத்துகிற இடங்களிலெல்லாம் அடி வாங்கிக்கொண்டு, முன்சீட்டில் உட்கார்ந்து, பேசுவதற்கு ஒன்றும் இல்லாததால் அவள் அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தக் காலை எப்போது எடுக்கிறான், எந்தப் பள்ளத்தில் கியரை எப்படித் தட்டுகிறான், மணலில் சக்கரம் புதையும்போது ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கிறான் என்று. கற்றுக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொள்ளவில்லை. பார்க்க அவளுக்கு வேறொன்றும் இருக்கவில்லை.

அவளுக்கு இருந்ததெல்லாம் தமயந்திதான். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகள், மாநிறம், சிரித்தால் இரண்டு கன்னத்திலும் குழி விழும். அந்தக் குழியைப் பார்க்கும்போதெல்லாம் பூங்கனி தன் இடது கன்னத்தைத் தடவிக்கொள்வாள். 'நான் நிக்கிற வரைக்கும் இவ நிக்க வேண்டாம்' என்று அவள் தனக்குள் கணக்கு வைத்திருந்தாள். அடி வாங்கும்போது அவளைத் தாங்கிப் பிடித்தது அந்த ஒரு கணக்குத்தான். வலி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு மகள் தூரமாகப் போகிறாள் என்று அவள் நம்பினாள். அப்படி நம்பினதுதான் அவள் செய்த தப்பு, ஏனென்றால் வலி கூடவில்லை, கொஞ்சங்கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது. கன்னம் மரத்துக்கொண்டிருந்தது. அவமானமும் அதோடு சேர்ந்து மரத்துக்கொண்டிருந்தது. அடிக்கும்போது அவள் அடுப்பில் வைத்துவிட்டு வந்த குழம்பை நினைத்துக்கொண்டிருந்தாள்.

லிங்கதுரையைப் பாம்பு கடித்தது அப்படியொரு ஆடி மாதம் காலையில். விளையில் ஓலைக்கட்டைத் தூக்கப்போனவரைக் கண்ணாடிவிரியன் கெண்டைக்காலில் போட்டுவிட்டது. துண்டால் இறுக்கிக் கட்டித் தூக்கிவந்து பின்சீட்டில் கிடத்தினார்கள். கால் அப்போதே வீங்கிக் கறுத்துக்கொண்டிருந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. பூங்கனி வழக்கம்போலக் கூந்தலை ஒதுக்கி இடது விளக்குக்கு நேராக வந்து நின்றாள். பலவேசம் அறைந்தான். கார் அசையவில்லை.

இன்னொன்று விட்டான். கார் கனைக்கக்கூட இல்லை. இடது, வலது, மறுபடி இடது என்று அவன் அறைந்துகொண்டே இருந்தான், அவள் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது, தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது, ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. "அழுட்டி! அழுது தொலையேம்ட்டி!" என்று அவன் கத்தினான். அவளும் அழத்தான் முயன்றாள், உண்மையாகவே முயன்றாள், வரவில்லை. கூட்டத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கி வீட்டுக்குள் போனார்கள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெரு நெடுகக் கேட்டது. பூங்கனி அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

பின்சீட்டிலிருந்து லிங்கதுரை தலையைத் தூக்கினார். நாக்குக் குழறினாலும் அவர் பேச்சில் நிதானம் போகவில்லை. "பலவேசம்… இவ கன்னம் செத்துப்போச்சுடே. புதுக் கன்னம் கொண்டா. உம் மவள கூப்பிடு."

"அண்ணாச்சி!" என்றாள் பூங்கனி. 

தமயந்தியை யாரும் இழுத்து வரவில்லை. கூப்பிட்டார்கள், வந்தாள். வந்தவள் அம்மாவின் ரத்தம் வழிகிற வாயைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பிறகு தானே இரண்டு கம்மலையும் கழற்றிப் பாவாடை நுனியில் முடிந்தாள், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், இடது விளக்குக்கு நேராக வந்து கண்ணை மூடி முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள். எவ்வளவு திருப்ப வேண்டுமோ சரியாக அவ்வளவு திருப்பினாள். அவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பூங்கனி ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பலவேசம் கையை ஓங்கினான். ஹேண்டில் கம்பி மட்கார்டில் சாய்ந்து நின்றது. அதை எப்போது எடுத்தாள் என்று பூங்கனிக்கே தெரியாது. எடுத்தாள், இரண்டு கையாலும் பிடித்தாள், பனையில் ஓலை வெட்டுகிற மாதிரி மேலிருந்து கீழாக இறக்கினாள். ஓங்கின கை மணிக்கட்டில் மடங்கித் தொங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுடைய நல்ல காதில் கேட்டது. அத்தனை ஊருக்கு முன்னால் பலவேசம் மணலில் முழங்கால் போட்டு விழுந்து, "யம்மா!" என்று ஊளையிட்டான்.

கார் கிளம்பியது. அப்படி அது கிளம்பி ஊர் பார்த்ததில்லை. பானெட் தானாகத் தூக்கி அடித்தது, சைலன்சர் தீப்பொறி கக்கியது, வருஷக்கணக்காக ஊமையாகக் கிடந்த ஹார்ன் வாய்விட்டு அலறியது, தெரு நெடுகத் தாழ்ப்பாள்கள் தானாகக் கழன்று கதவுகள் திறந்துகொண்டன. தவசிமுத்து, "ஏ பைத்தியக்காரி, கம்பியப் போடுட்டி" என்று அவளைப் பிடிக்கப் பாய்ந்தான். தலைப்பிள்ளையை அவள் கன்னத்தில் வாங்கினவன். கம்பி அவன் தோள்பட்டையில் விழுந்தது, என்ஜின் இன்னும் ஒரு படி ஏறி இரைந்தது. அவனுக்குப் பின்னால் வந்தவனுக்கு முழங்காலில் விழுந்தது, இன்னும் ஒரு படி ஏறியது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

"தலைவரு பிழைக்கணுமா சாவணுமா?" என்று பூங்கனி கேட்டாள். மூச்சு வாங்கியது. "பிழைக்கணும்னா வழிய விடுங்க."

வழி விட்டார்கள். அவள் தமயந்தியின் பாவாடை முடிச்சை அவிழ்த்து, கம்மல் இரண்டையும் மகள் காதில் திரும்பப் போட்டுவிட்டு, "வீட்டுக்குப் போ, அடுப்புல குழம்பு கிடக்கு, இறக்கி வை" என்றாள். பிறகு புருஷனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினாள். "நீரு முன்சீட்டுல ஏறும். வழிக்கு ஒரு கன்னம் வேணும்லா." அதுவரை அவனை அவள் 'நீங்க' என்றுதான் சொல்லி வந்தாள். அவனும் ஏறினான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது அவள் கால்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மணலில் கார் மிதந்துகொண்டு போனது. மணல் மேட்டில் சக்கரம் வழுக்கினபோது ஸ்டீரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்க வேண்டுமோ அந்தப் பக்கம் ஒடித்தாள். ஒத்தைப்பனையில், அதன் வழக்கப்படி, மாப்பிள்ளைக் கார் நின்றது.

பலவேசம் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டான். அவள் அவன் பக்கம் போகவில்லை. இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள். லிங்கதுரை கண்ணை விழித்துப் பார்த்தார். வேர்வையில் மீசை ஒட்டிக்கிடந்தது.

"பூங்கனி… நான் தலைவருட்டி."

"உம்ம வீட்டு முறை, அண்ணாச்சி. இத்தன வருசமா நான்தான பாத்தேன்" என்று சொல்லி அவர் கன்னத்தில் அறைந்தாள். கார் கிளம்பியது. ரோஷம் வரும், வெட்டுக்குத்து வரும் என்று சொன்ன மனுஷனுக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணோரத்தில் தண்ணீர் மட்டும் வந்தது, அது விஷத்தாலா அறையாலா என்று சொல்ல முடியாது.

ஓடை மதகில் பலவேசத்தின் முறை. அங்கே ஓர் அறையே போதுமாக இருந்தது, கார் முதல் அறைக்கே கிளம்பிவிட்டது. இருந்தும் அவள் நிறுத்தவில்லை. அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, "போதும்ட்டி, போதும்மா" என்று அவன் கெஞ்சுகிற வரைக்கும், ஓடிக்கொண்டிருக்கிற காருக்குப் பக்கத்தில் நின்று, தேவையே இல்லாமல், அறைந்துகொண்டே இருந்தாள். உள்ளங்கை தீயாய் எரிந்தது. அது சுகமாக இருந்தது. சுகமாக இருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஏறி வண்டியை எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. இந்தச் சுகத்துக்காகத்தான் இவ்வளவு காலம் இந்த மனுஷன் கார் ஓடாத நாளைத் தேடிக்கொண்டிருந்தானா என்று நினைத்தபோது, அடித்ததைவிட அந்த நினைப்புத்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

தலைவர் பிழைத்துக்கொண்டார். ஊசி போட்டு, காலைக் கீறி, பாட்டில் ஏற்றி, வெயில் சாயும்போது டாக்டர், "இனி பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பலவேசத்தின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு லிங்கதுரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்திருந்தார்கள். அதே நர்ஸம்மாதான். மருந்துத் தட்டோடு வந்து, இவர்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்கள். தலைவரின் கன்னத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன. பலவேசத்துக்கு மூக்கு வீங்கிக் கண் இரண்டும் சின்னதாகிவிட்டிருந்தது. நர்ஸம்மா தட்டைக் கீழே வைத்தார்கள். முதல் தடவையாக அவர்களுக்கு அடுத்த கட்டிலுக்குப் போக அவசரம் இல்லை.

"பாம்பு கடிச்சது காலுல. முகத்துல என்ன, தலைவரே?"

லிங்கதுரை வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பூங்கனி சுவரில் சாய்ந்து, கிழிந்த உதட்டில் காய்ந்துபோன ரத்தத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அவரை முறைக்கவில்லை, தலையாட்டவும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் மீசையை ஒதுக்கினார். 

"கார்க் கதவு இடிச்சிட்டும்மா" என்றார்.

"இவருக்கு?"

பலவேசம் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும்தான்" என்றான்.

நர்ஸம்மா பூங்கனியைத் திரும்பிப் பார்த்தார்கள்.  பிறகு பஞ்சை எடுத்து மருந்தில் நனைத்து, முதலில் அவள் உதட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

தலைவரை அங்கேயே விட்டுவிட்டுப் பூங்கனியும் பலவேசமும் வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் கார் அணைந்து கிடந்தது. ஆட்டோக்காரர்களும் இளநீர்க்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  பலவேசம் தானாகப் போய் இடது விளக்குக்கு நேராக நின்றான். மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவள் எதிரே வந்து கையைத் தூக்கினாள்.

அவன் கண்ணை மூடினான். தோளைக் குறுக்கி, உதட்டை உள்ளுக்கு இழுத்து, முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தான், இத்தனை வருஷம் அவள் திருப்பிக் கொடுத்த அதே அளவுக்கு. அவள் கை இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது, ஆனால் கார் கிளம்பிவிட்டது. ஒரே சீராக, புதுக் கார் மாதிரி ஓடிக்கொண்டு நின்றது.

அவள் கையை இறக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவனும் கண்ணைத் திறக்கத் துணியாமல் நின்றான். பிறகு அவள் கையை மெதுவாக இறக்கி, போய்ப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"பாத்து ஏறும்" என்றாள். "கதவு இடிக்கும்."